பட்டியலில் இல்லாத பெயர்

அமெரிக்க நாட்டில் கால்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினர் பதினொருவரும் வழிமறிக்க, அவர்களைப் பிளந்துகொண்டு முன்னேறுவதே அதன் உயிர்நிலை. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமேனும் முன்னேறாவிடில் பந்து எதிரணியைச் சேர்ந்துவிடும். இவ்வாறு பந்தேந்தி ஓடுவதையே தொழிலாகக் கொண்டவரை 'ரன்னிங் பேக்' என்பர். அவருடைய ஓட்டங்களிற் பெரும்பாலானவை மோதலிலேயே முடிகின்றன.

தொழில்முறை அணிகள் முப்பத்திரண்டும் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். வீரரின் உயரம், எடை, வேகம், கல்லூரியில் ஆடிய ஆட்டம் யாவும் அளந்து பார்க்கப்படுகின்றன. 2009-ஆம் ஆண்டில் ஏழு சுற்றுகளில் 256 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். டென்னஸி பல்கலைக்கழகத்தின் ஏரியன் ஃபாஸ்டர் பெயர் அப்பட்டியலில் இல்லை.

2007-இல் 1,193 கஜம் ஓடிய அவர், இறுதியாண்டாகிய 2008-இல் 570 கஜமே ஓடியிருந்தார். கடைசியாகக் கண்டதையே அளவாகக் கொள்வது உலக இயல்பு அல்லவா?

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி அவரை 'டிராஃப்ட்'டுக்குப் புறம்பே சேர்த்துக்கொண்டது. ஆயினும் ஆட்டப் பருவம் தொடங்குமுன் விலக்கிப் பயிற்சிக் குழுவில் வைத்தது. அக்குழுவினர் வாரமெல்லாம் உழைப்பர். ஆட்ட நாளிலோ வெளியே நிற்பர். நவம்பர் மாதத்திலேதான் அவருக்கு முதன்மை அணியில் இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2010 செப்டம்பர் 12 அன்று, பருவத்தின் முதல் ஆட்டம். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை எதிர்த்து 33 முறை பந்தேந்திய ஃபாஸ்டர் 231 கஜம் ஓடினார். எல்லைக்கோட்டை மும்முறை கடந்தார். அப்பருவத்தில் மொத்தம் 1,616 கஜம் ஓடி, லீகிலேயே முதல்வரானார். தேர்வில் முந்தி நின்ற எவரும் அவ்வாண்டு அவரை முந்தவில்லை. எல்லைக்கோட்டைக் கடந்ததும் அவர் இரு கரங்களையும் கூப்பித் தலைவணங்குவார். கல்லூரியில் தத்துவம் பயின்ற அவ்விளைஞர் அதனை 'நமஸ்தே' என்றே குறிப்பிட்டார். நம் நாட்டு வணக்கம் அம்மைதானத்தில் அவருடைய அடையாளமாயிற்று.

ஆயினும் புகழ் ஏற ஏற, உடல் தேய்ந்தது. 2012-இல் 351 முறை பந்தேந்தினார். லீகில் வேறெவரும் அத்தனை முறை ஏந்தவில்லை. 2013-இல் முதுகில் அறுவைச் சிகிச்சை நேர்ந்தது. 2015 அக்டோபரில் குதிகாலின் தசைநாண் அறுந்தது. மறு ஆண்டு ஹூஸ்டன் அணி அவரை விடுவித்தது. மயாமி அணியில் சில ஆட்டங்களே ஆடிவிட்டு, 2016 அக்டோபரில், முப்பதாம் வயதில், ஓய்வு பெற்றார். அவர் ஓடிய தூரம் மொத்தம் 6,527 கஜம்.

உழைத்தவர் யாவரும் வெல்வர் என்று இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளுதல் தகாது. பெயர் விடுபட்டோருள் மிகப் பலர் களத்தையே காண்பதில்லை. தேர்வு நடத்துவோர் அளவுகோலைக் கைவிடவும் இயலாது. ஆனால் அளவுகோல் தவறக்கூடும் என்பதை நினைவிற்கொண்டு, பயிற்சிக் குழு போன்றதொரு சிறு கதவையேனும் திறந்து வைக்கலாம். ஓடுபவனுடைய காலமோ குறுகியது. அக்கதவு சற்றே தாமதித்துத் திறந்தாலும், அவன் இழக்கும் ஆண்டுகளை எவராலும் திருப்பித்தர இயலாது.