வெறுந்தீவுக்கு வந்த விருந்தாளிகள்

1883ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, இலங்கையின் வானிற் சூரியன் சில நாட்கள் பச்சை நிறமாகத் தோன்றியது. அதற்கு முன்னர், ஓகஸ்ட் 27ஆந் திகதி, இத் தீவின் கீழ்கரையிலே பாணமைக்கு அண்மையில் எழுந்த கடற்பெருக்குக்குப் பெண்ணொருத்தி பலியானாள். இவ்விரண்டுக்குங் காரணம் ஒன்றே. யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையேயுள்ள சுந்தா நீரிணையிற் கிரக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியிருந்தது. பச்சைச் சூரியனைப் பற்றி நேயர்களுட் சிலர் கேள்வியுற்றிருத்தல் கூடும். ஆனால், வெடிப்புக்குப் பின்னர் அத் தீவில் நிகழ்ந்தவை அதனினும் வியப்புடையன.

தீவின் மூன்றிலிரண்டு பங்கு கடலுள் ஆழ்ந்தது. எஞ்சிய இறக்காட்டா மலையையும், அயலிலுள்ள செர்த்துங், பஞ்சாங் என்னும் இரு சிறு தீவுகளையும் சுடுசாம்பல் மூடியது. சிலவிடங்களில் அது பனையுயரத்துக்கும் மேற்பட்டது. ஒன்பது மாதங்கள் கழித்து, 1884 மே மாதத்திலே, கொத்தோ என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் அங்கே உயிர்களைத் தேடிச் சென்றார். அவர் கண்டது ஒன்றே ஒன்று: கண்ணுக்கு அரிதாகப் புலப்படும் ஒரு சிலந்தி. இரையெதுவும் இல்லாத அப் பாழிலே அது வலைபின்னிக் கொண்டிருந்தது. சாம்பலின் கீழே வேரும் விதையும் சில பிழைத்திருக்கலாமெனப் பாக்கர் என்னும் ஒல்லாந்தத் தாவரவியலாளர் பிற்காலத்திற் கடுமையாக வாதாடினார். அவ் வழக்கின் முடிவு எவ்வாறாயினும், அங்கு இன்று வாழும் உயிர்களிற் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை என்பதில் ஐயமில்லை.

உயிர்கள் தாம் தோன்றிய இடத்தை விட்டுப் பிறவிடங்களுக்குப் பரவுதலைப் பரம்பல் என்பர். கிரக்கத்தோவாவுக்குப் பெருநிலங்கள் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளன. அத் தூரத்தை முதலிற் கடந்தவற்றுள் காற்றில் மிதக்கும் நுண்ணிய வித்திகளும் அடங்கும். 1886இல் திரெய்ப் என்னும் அறிஞர் சென்றபோது, சாம்பலின்மேல் நீலப்பச்சை அல்காக்கள் வழுவழுப்பான படலமாகப் படர்ந்திருந்தன. அப் படலத்தின்மேற் பதினொரு வகைப் பன்னங்கள் முளைத்திருந்தன. கரையோரத்தில் அலை கொணர்ந்த அடம்பன் கொடியும், பின்னர் தென்னையும் சவுக்கும் வேரூன்றின. அரை நூற்றாண்டுள் மலைச்சரிவெங்கும் காடு மூடிவிட்டது.

அக் காட்டிலே அத்தி, ஆல் முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் இருபது வகைக்கு மேல் உள்ளன. பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் உண்டு, எச்சத்தோடு இட்ட விதைகளிலிருந்து வந்தவை அவை. விதை வந்துவிட்டால் மட்டும் போதுமோ? போதாது. அத்தியின் பூக்கள் காயினுள்ளே மறைந்திருப்பன. அவற்றை மகரந்தச் சேர்க்கை செய்ய வல்லது எறும்பினும் சிறியதான ஒரு குளவியே; அதிலும் பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி வகைக்கும் அதற்கே உரிய குளவி வேண்டும். சிறகு முளைத்தபின் அக் குளவியின் ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் அது காற்றில் ஏறிக் கடலைக் கடந்து, தனக்குரிய மரத்தை, அம்மரம் இளங்காய் தாங்கி நிற்கும் வேளையிற் கண்டடைதல் வேண்டும். இயலாத காரியம் என்றே எவருங் கூறுவர். எனினும் அது நிகழ்ந்தது. ஒரு முறையன்று, பன்முறை. குளவி வந்ததனால் மரம் வித்தீன்றது. வித்தீன்ற மரத்தை நாடி மேலும் பறவைகள் வந்தன. அப் பறவைகள் வேறு மரங்களின் வித்துக்களைக் கொணர்ந்தன. ஒரு வருகை பல வருகைகளுக்கு வாயிலாயிற்று.

வராதவையும் உள. சிங்கராசக் காட்டில் வானளாவ நிற்கும் ஹொர மரத்தின் குடும்பம் யாவாவிலும் சுமாத்திராவிலும் உண்டு. அதன் காய்க்கு இரு சிறகுகள் இருந்தும், பாரம் மிகுதியாகையால் அது தாய்மரத்துக்குச் சற்று அப்பாலே விழுந்துவிடும். அக் குடும்பம் கிரக்கத்தோவாவை எட்டவில்லை. குரங்கும் அணிலும் அங்கில்லை.

எது முதலில் வந்தது என்பதும் காட்டின் உருவை மாற்றக்கூடும். இறக்காட்டாவிற் கடம்பின் சுற்றத்தைச் சேர்ந்த நியோநோக்கிளியா மரம் மிகுந்து நிற்க, சில கிலோமீற்றர் அப்பாலுள்ள மற்றிரு தீவுகளிலும் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த டைசொக்சைலமும், டிமோனியஸ் என்னும் மரமும் ஓங்கியுள்ளன.  இனி, வந்தவையெல்லாம் தங்கவுமில்லை. வெட்டவெளியை விரும்பும் கீச்சான் போன்ற பறவைகள் காடு மூடியதும் மறைந்தன. அவற்றின் இடத்துக்குக் காட்டுப் பறவைகள் வந்தன. 1919 முதல் 1934 வரை அங்குள்ள பறவையினங்களின் தொகை ஏறக்குறைய மாறாதிருந்தும், பெயர்ப்பட்டியல் மட்டும் மாறியது. மக்ஆர்தர், வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1967இல் வெளியிட்ட தீவு உயிரியற் கொள்கைக்கு இக் கணக்கும் ஒரு சான்றாயிற்று.

வருகை நன்றெனின், மிகுதியான வருகை மிக நன்றன்றோ என்று கேட்கலாம். இதற்கு விடை இலங்கையின் வயல்களிலேயே உண்டு. தென்னமெரிக்காவின் சல்வீனியா என்னும் நீர்ப்பன்னம் 1939இல் ஆய்வுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கிரக்கத்தோவாவிற் சாம்பலை மறைத்ததும் பன்னமே. இங்கே வாய்க்காலை மறைத்ததும் பன்னமே. இதற்கு வித்தி வேண்டியதில்லை. ஒடிந்த ஒரு துண்டே புதுச் செடியாகும். அதனைத் தின்னும் பூச்சி எதுவும் உடன் வராமையால், சில ஆண்டுகளுள் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலும் நீர்நிலையும் பச்சைப் பாயால் மூடப்பட்டன. ஒளியும் காற்றும் இன்றி அதன் கீழே மீனும் நீர்ச்செடியும் நலிந்தன. ஓரினம் வந்தது, பல குறைந்தன. பிரேசில் நாட்டிலே அதனை உண்ணும் சின்னஞ்சிறு வண்டினத்தை 1986இல் வரவழைத்து விட்டபின்னரே அது பலவிடங்களில் அடங்கிற்று.

கிரக்கத்தோவாவின் கதை முடியவில்லை. 1927இல் அங்கே கடலடியிலிருந்து புதிய எரிமலையொன்று எழுந்தது. ‘கிரக்கத்தோவாவின் பிள்ளை’ என அதற்குப் பெயர். 2018 டிசெம்பர் 22ஆந் திகதி அதன் ஒரு பக்கம் இடிந்து வீழ, எழுந்த அலை யாவா, சுமாத்திராக் கரைகளில் நானூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பிள்ளைத்தீவின் செடிகொடிகளும் அழிந்தன. இம்முறை வித்துக்கள் 40 கிலோமீற்றர் கடக்கவேண்டியதில்லை. இறக்காட்டாவின் உயர்ந்த சரிவிலே அத்தி மரங்கள் நிற்கின்றன. அங்கிருந்து பிள்ளைத்தீவுக்கு ஒரு வௌவால் பறக்கவேண்டிய தூரம் சில கிலோமீற்றரே.