பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?



மணமுறிவு என்று வந்தால் வீட்டையும் காரையும் பங்கு போட்டுவிடலாம். பிள்ளையை எப்படிப் பங்கு போடுவது? மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பது அதன் 88ஆவது பிரிவிலுள்ள அனுமானம். தக்க காரணம் காட்டினால் அதை மறுக்கலாம். பிள்ளையை இடம் மாற்றி அலைக்கழிப்பது நல்லதல்ல என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். ‘சின்னப் பிள்ளை என்றால் தாய்க்குத்தான்’ என்று கல்யாண வீட்டில் அடித்துப் பேசுவோர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

குழந்தை நலத்தில் பயிற்சியோ அனுபவமோ உள்ளவரின் ஆலோசனையை இயன்றபோதெல்லாம் நீதிமன்றம் பெற வேண்டும் என்கிறது 100ஆவது பிரிவு. உளவியல் நிபுணர் உள்ளே வருவது இந்த வாசல் வழியாகத்தான்.

அவர் தாயையும் தந்தையையும் தனித்தனியே சந்திக்கிறார். ஒருவர்மீது ஒருவர் சொல்லும் புகார்களைக் குறித்துக்கொள்கிறார். ஆனால் அவர் தேடுவது வேறு. வகுப்பாசிரியர் பெயர் என்ன? எந்த மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது? இரவில் பயந்து எழுந்தால் யாரைக் கூப்பிடுகிறது? உரிமைக்காக உரக்கப் பேசுபவர் இங்கே திணறுவதும் உண்டு. பிறகு, பிள்ளை ஒவ்வொருவருடனும் சாப்பிடுவதையும் விளையாடுவதையும் அருகிலிருந்து கவனிக்கிறார். ஆசிரியர், மருத்துவர், பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஆகியோரிடமும் விசாரிக்கிறார்.

எழுத்துச் சோதனைகளும் உண்டு. அவை மனச்சோர்வையோ கோப குணத்தையோ காட்டலாம். நல்ல தாய், நல்ல தகப்பன் என்று மதிப்பெண் போட்டுத் தரும் சோதனை கிடையாது. ஒரு தரப்பை மட்டும் பார்த்துவிட்டு, சந்திக்காத மறுதரப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் முறையல்ல. பிள்ளைக்கு ஏற்கெனவே ஆலோசனை அளித்து வரும் நிபுணரே மதிப்பீட்டாளராகவும் வருவதைத் தவிர்ப்பார்கள்.

மிகக் கடினமான வேலை, பிள்ளையிடம் பேசுவது. ‘அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?’ என்று நேரடியாகக் கேட்க மாட்டார். அந்தக் கேள்வியைச் சொந்தக்காரர்கள் போதுமான அளவு கேட்டிருப்பார்கள்! படம் வரையச் சொல்லி, பள்ளிக் கதை பேசி, மெல்ல மெல்லப் பழகுகிறார். 6 வயதுப் பிள்ளை ‘ஜீவனாம்சம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அது யார் வாயிலிருந்து வந்தது என்று யோசிக்கிறார். மற்றவருடன் தொலைபேசியில் பேச விடுகிறார்களா என்பதையும் கவனிக்கிறார்.

இந்த ஆலோசனைக்கு நீதிபதி கட்டுப்பட்டவர் அல்லர். ஆணை பிறந்த பிறகும், சூழ்நிலை பெரிதும் மாறினால் அதைத் திருத்தக் கோரி விண்ணப்பிக்க 96ஆவது பிரிவு இடமளிக்கிறது.