கொடுமுடிக் குரல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நிலம்பூர் ஜெட்டியில் நின்று, விலகிச் செல்லும் படகில் உள்ளவரைக் கூவி அழைத்துப் பார்த்தவர் நாம். காற்றும் நீரும் குரலை எத்துணை விரைவில் விழுங்கிவிடும் என்பதை அறிவோம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை ஒரு பெண்ணின் குரல் சென்றது. அக்குரலுக்கு உரியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

மேலைநாட்டார் பெண்களின் உச்சக் குரலைச் 'சொப்ரானோ' என்பர். ஆப்பெரா அரங்கில் அது பெரிய வாத்தியக் குழுவையும் மீறிக் கேட்க வேண்டும். அதற்கெனப் பல்லாண்டுப் பயிற்சி உண்டு. நம் அம்மையாருக்கு வாய்த்த பள்ளியோ வேறு. 1908-இல் பிறந்தவர், வறுமையால் சிறுமியாகவே ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றார். பின்னர் வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். விடிய விடிய நடக்கும் நாடகமே அவருக்குச் சாதகம். சுருதி ஏற ஏறச் சொல் சிதைவது பலருக்கு இயல்பு. அவரிடமோ உச்சத்திலும் சொல் தெளிவாக நின்றது. இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

கடல் கடந்த நமக்கு இன்னொன்றும் இனிக்கும். எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தது இலங்கை மேடையில். 1927-இல் மணந்தனர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவர் பாட்டையும் கேட்க மக்கள் திரண்டனர். கிட்டப்பாவோ முன்பே மணமானவர். இல்வாழ்வில் அமைதி இல்லை. 1933-இல் அவர் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். அம்மையாருக்கு அப்போது 25 வயது.

அன்றுமுதல் வெள்ளாடை. எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். நாடகமோ காதற் காட்சியால் வாழ்ந்த தொழில். அதில் இவ்வுறுதி பிழைப்பையே அடைப்பதாகும். அவர் வழி கண்டார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாக அவரே நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் கேட்டறியாத தொகை! 1953-இல் ஔவையார் ஆனார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். துறவியும் மூதாட்டியுமான வேடங்களில் அக்குரலுக்கு எவர் துணையும் தேவைப்படவில்லை. சென்னைச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1980-இல் மறைந்தார்.

அடுத்து நம் சங்கச் சிறுமியர் பாட இருக்கின்றனர். முதற் பாட்டுக்கு மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்குமாறு விழாக் குழுவினரை வேண்டுகிறோம். பின்வரிசையில் உள்ளோர் பேச்சை நிறுத்தினால் போதும்.