இரத்தம் நமது; உரிமையும் நமதாகட்டும்
(பாலாவிக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீரிழிவும் மாரடைப்பும் புகாத தெரு இன்று நம்மிடையே இல்லை. “தகப்பனுக்கு இருந்தது, மகனுக்கும் வந்தது” என்று நாம் கூறுவதனையே விஞ்ஞானம் மரபணு என்னும் பெயரால் ஆராய்கின்றது. மனிதனுடைய மரபணுத் தொகுதி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட ஏடு. பல இலட்சம் பேரின் ஏடுகளை ஒப்பிட்டு, நோய்க்குரிய எழுத்துப் பிழைகளைத் தேர்ந்தெடுக்க மனித ஆயுள் போதாது. ஆதலால் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்துள்ளது. 2023இல் வெளிவந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்னும் கருவி, புரதங்களை மாற்றவல்ல 7 கோடியே 10 இலட்சம் பிழைகளுள் 89 சதவீதத்தைத் தீங்குடையவை, தீங்கற்றவை என வகுத்தது.

ஆயினும், இத்துறை யாருடைய ஏடுகளைப் படித்து வளர்ந்தது? இத்தகைய ஆய்வுகளிற் பங்குகொண்டோருள் 79 சதவீதத்தினர் ஐரோப்பிய வழியினர் என 2019இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அவர்களை அளந்த கோல் நம்மை அளக்குமிடத்துப் பிழைபடும். ஐதராபாத்தில் பணியாற்றிய குமாரசாமி தங்கராஜ் முதலிய ஆய்வாளர், இருதயத் தசைக்குரிய மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட குறையை 2009இல் அறிவித்தனர். இருதய நோயுடன் தொடர்புடைய அக்குறை தென்னாசியர் நூற்றுவரில் ஏறத்தாழ நால்வரிடம் உண்டு. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் அது புலப்பட்டிருக்குமா? ஆகவே நாம் ஒதுங்கி நிற்றல் தகாது.

ஆனால், கொடுக்குமுன் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். பல இலட்சம் பேரின் மரபணு விவரங்களை வைத்திருந்த அமெரிக்கக் கம்பனியான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் வங்குரோத்து மனுச் செய்தது. அவ்விவரங்களும் விற்பனைக்குரிய சொத்தாயின. மரபணுவைக் காரணங்காட்டித் தொழிலோ மருத்துவக் காப்புறுதியோ மறுத்தலை அமெரிக்கா 2008இலேயே சட்டத்தால் தடுத்தது. ஆயுட் காப்புறுதிக்கு அத்தடை இல்லை. நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணு விவரத்தைத் தனிக் காப்புக்குரியதென ஏற்கின்றது. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஏட்டிலுள்ள சட்டம் ஏழையைக் காப்பதெங்ஙனம்?

சீமெந்துத் தொழிலும் உப்பளமும் சூழ்ந்த இவ்வூரார்க்கு இன்னொன்றும் கூறுவேன். நோய்க்கு மரபணு ஒரு காரணமே. உணவும் நீரும் காற்றும் ஏனைய காரணங்கள். மூச்சுத் திணறும் தொழிலாளியிடம் “குற்றம் உன் பிறப்பில்” என்று கூறிவிட்டு, அவன் சுவாசிக்கும் தூசியை விசாரியாது விடுவது விஞ்ஞானமுமன்று, நீதியுமன்று.

எனவே நமது கோரிக்கை மூன்று. சம்மதப் பத்திரம் தமிழில் இருத்தல் வேண்டும். கொடுத்த சம்மதத்தை மீளப்பெறும் உரிமையும் அதில் இருத்தல் வேண்டும். மரபணுவைக் காட்டித் தொழிலும் காப்புறுதியும் மறுப்பதைச் சட்டம் தடுத்தல் வேண்டும். ஆய்வின் பயன் நமது ஆசுபத்திரிகளுக்கே திரும்புதல் வேண்டும்.

இவற்றைப் பாராளுமன்றத்திற் கேட்பது பிரதிநிதிகளின் கடமை. கேட்கச் செய்வது உங்கள் கடமை. இரத்தம் கொடுப்போம், வாசியாத பத்திரத்தில் கையொப்பம் இடோம்!