பழைய கட்டடம் யாருடைய வரலாறு?

(நங்கநல்லூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கினால், அண்ணா சாலையில் சிவப்புச் செங்கல்லும் கோபுரங்களுமாகச் சிதைந்து நிற்கும் ஒரு கட்டடத்தைப் பார்க்கலாம். டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிகர் 1897இல் கட்டிய கார்டைல் கட்டடம் அது. 1934இல் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யிடம் வந்தது.

2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியது. இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. இடிக்கக் கூடாது என்று 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பத்மநாபன் குழுவின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் அவ்வழக்கில் முக்கிய ஆதாரமாக இருந்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்புதான். மருந்துக் கடையாகப் பிறந்த கட்டடத்துக்கும் வரலாறு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதே!

நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கட்டடம் முக்கியமா என்று பார்ப்பவர்கள் வழக்கமாக மூன்றைக் கேட்கிறார்கள்: எத்தனை வயது, யார் கட்டியது, என்ன பாணி? மூன்றுமே பணமும் நிலமும் வைத்திருந்தவர்களுக்குச் சாதகமான கேள்விகள். கோபுரம் வைத்துக் கட்ட யாரால் முடிந்தது?

பெரம்பூர் பக்கம் போவோம். பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள், அதாவது பின்னி மில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் இந்தத் தொழிலாளர்களிடையேதான் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் அந்த ஒற்றுமை சாதியால் பிளந்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. வர்க்கமும் சாதியும் மோதிய அந்த இடத்தில், 1996இல் மில் மூடிய பிறகு, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

இன்னொன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது ராயப்பேட்டையில். கார்டைல் கட்டடத்திலிருந்து நடக்கும் தூரம். அதைக் காட்டக் கோபுரம் ஏதும் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டோரின் வரலாறு பெரும்பாலும் வாடகை அறையிலும் ஓலைக் கூரையிலும் நடந்தது. பாணியைத் தேடும் கண்ணுக்கு அது படாது.

அதற்காகப் பழைய சுவர் எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறேன். இதற்குள் யாரை விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள்? இங்கே உழைத்தவர்கள் யார்? இது போனால் எந்தப் போராட்டம், எந்த அநீதி சாட்சி இழக்கும்? இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைக்குக் கட்டட அழகு கிடையாது. ஆனால் அது ஆவணம். பெருமையை மட்டும் பாதுகாத்தால் அது வரலாறாகாது.

பட்டியலில் சேர்ப்பது அரசின் வேலை. பட்டியல் வருமுன் பதிவு செய்வது நம் வேலை. உங்கள் பகுதியின் பழைய அச்சகம், பட்டறை, சங்க அலுவலகம், சலூன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர்களிடம் பேசிக் குரலைப் பதிவு செய்யுங்கள். கட்டடம் போனாலும் சாட்சியம் நிற்கும். நாளை நீதிமன்றத்தில் நாம் வைக்கப்போகும் ஆதாரமும் அதுதான்.