தாய்மைக்கு வேண்டுவனவும் வேண்டாதனவும்



ஒரு வீட்டில் பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்ததும் அவ்வீட்டார் அனைவருடைய உள்ளமும் மலர்கிறது. உள்ளம் மலர்ந்த கையோடு பணப்பையும் திறக்கிறது. இது இயல்பு, குறை கூறத்தக்கதன்று. ஆயினும், அப்பணம் எதற்குச் செலவாகிறது என்பதை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கருவுற்ற தாய்க்கென்று இன்று கடைகளில் விற்கப்படும் பொருள்கள் எண்ணிலடங்கா. சத்துமாவு, வயிற்றில் பூசும் களிம்பு, குங்குமப்பூ, தனி வகைத் தலையணை, கருவின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி என்று அவை நாளும் பெருகி வருகின்றன. இவற்றுள் எவை வேண்டுவன, எவை வேண்டாதன என்று பிரித்தறிவதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் மருத்துவன் அல்லேன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் காலம் கழித்தவன். எனினும், பரங்கிப்பேட்டை போன்ற ஊரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. எங்கள் ஊர் ஆடவர் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் செய்கின்றனர். அங்கிருந்து வரும் புட்டிகளிலும் டப்பிகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுமாறு வீட்டுப் பெரியவர்கள் என்னிடம் கொண்டுவருவது வழக்கம்.

அவ்வாறு ஒரு நாள் என் பழைய மாணவன் ஒருவன் இரண்டு சத்துமாவு டப்பிகளையும், ஒரு சிமிழ் குங்குமப்பூவையும், ஒரு களிம்பையும் எடுத்துக்கொண்டு வந்தான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். இவற்றை எவ்வாறு கொடுப்பது என்று கேட்டான். கர்ப்பிணிப் பதிவு அட்டை இருந்தால் காட்டுமாறு சொன்னேன். அதில் இரத்தத்தின் அளவு எட்டு கிராம் என்று எழுதியிருந்தது. செவிலியர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை என்னவாயிற்று என்று வினவினேன். அதைச் சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று மாமியார் நிறுத்திவிட்டாராம். விலை கொடுத்து வாங்கியவை அலமாரியை நிறைத்திருந்தன. விலையின்றிக் கிடைத்தது ஒரு மூலையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. அன்றே அவனை மருத்துவரிடம் அனுப்பினேன். இந்த நிலை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆதலால்தான் இதனைப் பொதுவில் பேசத் துணிந்தேன்.

எந்தப் பொருளை வாங்கும்போதும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது: இது தாய்க்கோ சேய்க்கோ வரக்கூடிய எந்தத் தீங்கைத் தடுக்கிறது? இரண்டாவது: இதே பயனைத் தரும் பொருள் நம் வீட்டிலோ, அரசு சுகாதார நிலையத்திலோ இல்லையா? மூன்றாவது: இது வேண்டும் என்று சொன்னவர் யார், விற்பவரா, மருத்துவமும் செவிலியமும் கற்றவரா? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் வாங்கலாம். முதல் வினாவுக்கே விடை கிடைக்காவிடில் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது இரும்புச்சத்து. பரங்கிப்பேட்டைக்கும் இரும்புக்கும் பழைய தொடர்பு உண்டு. 1830ஆம் ஆண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து உருக்க எங்கள் ஊரில் ஓர் ஆலை நிறுவினார். அந்த ஆலை மறைந்து போயிற்று. ஆனால், எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இரும்பின் தேவை மறையவில்லை. கருவுற்ற பெண்ணுக்கு இரத்தத்தில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையலாகாது. ஏழுக்குக் கீழே போனால் அது கடுமையான சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையவர்கள். சோகையுள்ள தாய் மகப்பேற்றின்போது இழக்கும் இரத்தத்தைத் தாங்கமாட்டாள். மற்றவள் பிழைத்துக்கொள்ளும் இரத்தப்போக்கில் இவள் உயிர் போய்விடக்கூடும்.

இதற்கு மருந்து, அரசு விலையின்றித் தரும் மாத்திரை. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் தொடங்கி நாளுக்கு ஒன்றாக 180 நாள். மகப்பேற்றுக்குப் பின்னும் 180 நாள். சோகை முன்னமே இருப்பின் மருத்துவர் அளவைக் கூட்டுவார். மலம் கறுப்பது தீங்கன்று. இரும்பு உள்ளே போயிருப்பதன் அடையாளம். குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். தேநீர், காப்பியோடு சேர்த்து விழுங்கலாகாது; அவை இரும்பை உடலில் சேரவிடா. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்கனியும் அதைச் சேர்க்கத் துணை செய்யும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் உட்கொள்ள வேண்டும். மண், சாம்பல், கரி முதலியவற்றைத் தின்னும் ஆசை பிறந்தால், அதை மசக்கை என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

போலிக் அமிலத்தின் வரலாறு நம் நாட்டோடு பிணைந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் இந்தியா வந்து, பம்பாயில் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். விலை மலிந்த ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அச்சோகை தீர்வதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருளையே 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூடாத பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாருக்கு இம்மருந்தைக் கொடுத்ததில், அக்குறை மீண்டும் வருவது நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைந்தது என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கரு உருவாகி இருபத்தெட்டு நாளில் அந்தப் பகுதி மூடிவிடும். பல பெண்கள் தாம் கருவுற்றதையே அப்போதுதான் அறிகின்றனர். ஆகவே, பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண், கருவுறுவதற்கு முன்பே இம்மாத்திரையைத் தொடங்குதல் வேண்டும். மணமான புதிதில் வாங்கிக் கொடுக்கத்தக்க பொருள் ஒன்று உண்டென்றால், அது இதுவே.

இன்னும் சில வேண்டுவன உள. சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இசிவு நோய்த் தடுப்பூசி, ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்தல், சிறுநீர்ச் சோதனை ஆகியவை அவை. சர்க்கரைச் சோதனைக்கு 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பர். 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனம் வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் செய்துகொள்ளத்தக்க இந்த எளிய முறை, சென்னை மருத்துவர் சேஷய்யாவின் முயற்சியால் நம் நாட்டில் பரவியது. இவை யாவும் அரசு சுகாதார நிலையங்களில் கிடைக்கின்றன.

உணவைப் பற்றி ஒரு சொல். வெள்ளாற்று முகத்துவாரத்தில் வாழும் நாங்கள் மீனுக்குக் குறைவில்லாதவர்கள். மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்கள் விலை மலிந்தவை; புரதமும் சுண்ணாம்பும் நிறைந்தவை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. கருவுற்ற காலத்தில் அவற்றைத் தவிர்ப்பது நன்று. பாலூட்டும் தாய்க்குச் சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனினும் சிறு மீன் குழம்பு நல்லது என்று சொன்னால் பாட்டிமார் என்னைச் சினப்பர். இருப்பினும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மீன் உண்ணாதவர்க்கு முட்டையும், பருப்பும், கேழ்வரகும், முருங்கைக்கீரையும், வேர்க்கடலையும் உண்டு. இவற்றை ஒழுங்காக உண்பவளுக்கு விலை மிகுந்த புரத மாவு தேவையில்லை. புரதம் மிகுந்த மாவுகளைக் கருவுற்ற பெண்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார அமைப்பும் 2016இல் அறிவித்துள்ளது. உணவே போதாத ஏழைப் பெண்ணுக்குத் தேவை, உணவு. அதை டப்பியில் அடைத்துப் பெயர் சூட்ட வேண்டுவதில்லை.

அடுத்து, சிலருக்கு மட்டும் பயன்படுவன. முதுகுவலியால் வருந்துவோருக்கு வயிற்றுப் பட்டை ஆறுதல் தரும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் கூடியவர்க்கு, மருத்துவர் சொன்னால், வீட்டில் அழுத்தமானி வைத்துக்கொள்ளலாம். கடைசி மாதங்களில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அதற்குத் தனித் தலையணை தேவையில்லை. பழைய நூல்புடவையைச் சுருட்டி முதுகுக்கும் முழங்காலுக்கும் இடையே வைத்தால் போதும். ஆனால், வழுக்காத தட்டைச் செருப்பும் நல்ல கொசுவலையும் இல்லாத வீட்டில் அவ்விரண்டையும் தயங்காமல் வாங்குங்கள்.

இனி வேண்டாதன. குங்குமப்பூப் பால் பருகினால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது வெறும் நம்பிக்கை. நிறம் தாய் தந்தையர் வழி வருவது. வயிற்றுக்குள் போகும் பாலின் நிறத்தால் மாறுவதன்று. இதில் பணக்கேட்டினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பிறவாத பிள்ளையின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் வீடு, பிறந்த பிள்ளை கறுப்பாயிருந்தால் யாரைக் குறை சொல்லும்? தாயைத்தான். வயிற்றுக் கோடுகளை வராமல் தடுக்கும் என்று விற்கப்படும் களிம்புகளுக்கும் தக்க சான்றில்லை. தோலின் உள்ளடுக்கு விரிவதால் உண்டாகும் கோட்டை மேற்பூச்சு தடுக்க இயலாது. அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும். கருவின் இதயத் துடிப்பை வீட்டிலேயே கேட்கும் கருவியோ, வேண்டாதது மட்டுமன்றி ஏமாற்றவும் வல்லது. தாயின் நாடித் துடிப்பையே பிள்ளையின் துடிப்பென்று எண்ணி, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட நேரும். பிள்ளை அசைவது குறைந்தால் கருவியைத் தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேண்டாதவற்றினும் கொடியன சில உள. ஆண் பிள்ளை பிறக்கும் என்று கொடுக்கப்படும் மருந்து அவற்றுள் தலையாயது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும் கணத்திலேயே முடிந்துவிடுகிறது; பின்னர் உண்ணும் எந்த மருந்தும் அதை மாற்றாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை யாரும் அறியார். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் அத்தகையனவே. பாலூட்டும் புட்டியையும் புட்டிப்பாலையும் முன்கூட்டியே வாங்கி வைப்பதும் தீதாம். கையெட்டும் இடத்தில் புட்டி இருந்தால் முதல் நாளிலேயே தாய்ப்பால் போதவில்லை என்ற பேச்சு பிறக்கும். இவற்றைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் விலக்கியதை நாம் விரும்பி வரவேற்கலாமா?

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, நம் நாட்டின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராய், 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நம் அரசு மகப்பேற்று உதவி வழங்கி வருகிறது. 2018இல் அவ்வுதவி 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, அதில் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடங்கின. சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து, பேரீச்சம்பழம், நெய், குடற்புழு நீக்கும் மாத்திரை ஆகியவை அவற்றில் இருந்தன. 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள்கள். அவற்றுள் கிலுகிலுப்பையும் உண்டு, தாய் கை கழுவும் திரவமும் உண்டு, கொசுவலையும் உண்டு. கிலுகிலுப்பை அன்பின் அடையாளம். அதை நான் வெறுக்கவில்லை. ஆனால், பெட்டகத்தைத் திறந்தவுடன் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டும் கைகள், முதலில் அத்திரவத்தால் கழுவப்பட வேண்டும். பச்சிளங்குழந்தையைத் தொடுவோர் அனைவரும் கை கழுவினாலே பல நோய்கள் வாசலோடு நின்றுவிடும்.

அப்படியானால், சேர்த்து வைத்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் வண்டி வைத்து அழைத்துச் செல்லுங்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணாயின், கடைசி மாதங்களில் அவள் வீட்டிலிருக்கும்படி அந்தக் கூலியை ஈடு செய்யுங்கள். மகப்பேற்று மருத்துவமனையை முன்னரே முடிவு செய்யுங்கள். எங்கள் பகுதியினருக்கு அண்ணாமலைநகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருக்கிறது. தாயின் இரத்த வகையைக் குறித்துக்கொண்டு, இரத்தம் கொடுக்க முன்வரும் உறவினர் இருவர் மூவரை ஆயத்தமாக வைத்திருங்கள். கடுந்தலைவலி, கண் மங்குதல், முகவீக்கம், வலிப்பு, இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தாமல் 108 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் கணவன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். டப்பி அனுப்புமுன், இன்று மாத்திரை சாப்பிட்டாயா, இம்மாதம் இரத்தத்தின் அளவு எவ்வளவு என்று தொலைபேசியில் கேளுங்கள். அவ்வாறு நாள்தோறும் ஒருவர் கேட்கும் வீட்டில் மாத்திரை மூலையில் கிடக்காது.