சம்பளம் இல்லாத முழுநேர வேலை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் டிபன் சாப்பிடும்போது ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான்: "உன் ஒய்ஃப் இப்போ எங்கேடா வேலை பார்க்கிறாங்க?" நானும் யோசிக்காமல், "வேலையை விட்டுட்டாங்கடா, வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் மனைவியும் இந்தக் கல்லூரி மாணவிதான். எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு செமஸ்டரிலும் என்னைவிட அதிக மார்க் வாங்கியவர். இன்று அவரும் இங்கே இருந்திருக்க வேண்டும். எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. இந்தக் கூட்டமும் மைக் சத்தமும் அவனுக்குத் தாங்காது. யாராவது ஒருவர் அவனோடு இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அவர்தான்.

மகனுக்கு மூன்று வயதில் விஷயம் தெரிந்தது. அடுத்த வருடமே அவர் வேலையை விட்டார். இரண்டு சம்பளம் ஒன்றானது. அதே நேரத்தில் செலவு ஏறியது. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி என்று மாதம் 12 செஷன், செஷனுக்கு 600 ரூபாய், ஆக 7,200 ரூபாய். ஆட்டோ செலவு தனி.

இதில் நான் செய்த தவறையும் ஒப்புக்கொள்கிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கச் சொன்னபோது, "பிள்ளை மேல முத்திரை குத்திடுவாங்க, வேண்டாம்" என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். கௌரவம்! கடைசியில் என் மனைவிதான் அரசு மருத்துவமனைக்கு அலைந்து வாங்கினார். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டுக்கென்றே 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்து சதவீதம் போட்டுத் தருகிறார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

திறக்கும் கதவுகளைச் சொல்கிறேன். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் ஓரளவு இடம் இருக்கிறது. சம்பளக்காரர்களுக்கு வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு. பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. ஆனால் இது பழைய வரிமுறையில் மட்டும்தான். நான் ஒரு வருடம் ஆபீஸ் படிவத்தில் பார்க்காமல் புதிய முறையை டிக் அடித்து அதைக் கோட்டைவிட்டேன். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகையும் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு உரியது. அதை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். நன்றியோடுதான் சொல்கிறேன், ஆனால் எங்கள் கணக்கில் 2,000 ரூபாய் மூன்று செஷனுக்கு வரும். நான்காவதுக்கு 400 ரூபாய் குறையும்.

இவையெல்லாம் பிள்ளையின் பெயரிலோ, சம்பாதிக்கிற என் பெயரிலோ வருகிற உதவிகள். வேலையை விட்டவர் பெயரில் என்ன வருகிறது? அவருடைய பி.எஃப். அன்றோடு நின்றது. அனுபவ வருடங்கள் அன்றோடு நின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்ற ஒன்றைச் சொல்கிறது. அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்தப் படி, வேலையை விட்டு உட்கார்ந்திருக்கும் தாயின் கைக்கு ஒரு சம்பளம் மாதிரி வந்து சேர வேண்டும். என் வாதம் அவ்வளவுதான்.

அரசு ஊழியர்களுக்காவது வழி இருக்கிறது. மத்திய அரசில் பணிபுரியும் தாய்மாருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இமாசலப் பிரதேச அரசுக் கல்லூரிப் பேராசிரியை ஒருவருக்கு, மகனின் மரபணு நோய்க்காக எல்லா விடுப்பும் தீர்ந்துபோனது. அந்த மாநிலத்தில் அப்போது இந்த விடுப்பும் இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். பெண்கள் வேலையில் நீடிப்பது சலுகை அல்ல, அரசியல் சாசனம் சார்ந்த விஷயம் என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. தனியார் கம்பெனியில் இருந்த என் மனைவிக்கு அப்படி எந்த விடுப்பும் இல்லை. ராஜினாமாக் கடிதம் ஒன்றுதான் இருந்தது.

இங்கே மேனேஜர்களாகவும் முதலாளிகளாகவும் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்கொடை கேட்கவில்லை. வீட்டிலிருந்தே தினம் மூன்று மணி நேரம் செய்யக்கூடிய வேலை உங்களிடம் இருந்தால், இப்படிப்பட்ட ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ கொடுங்கள். பயோடேட்டாவில் ஐந்து வருட இடைவெளி இருந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மாதாமாதம் ஒரு தொகையை வீட்டில் இருப்பவர் பெயரில் பி.பி.எஃப்.பில் போடுங்கள். நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஆன்லைனில் ஏற்றிக் கொடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு க்யூவில் நிற்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

காலையில் கேட்ட நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், பதிலைத் திருத்திக்கொள்கிறேன். என் மனைவி முழுநேர வேலையில் இருக்கிறார். ஆறு வருடமாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. சம்பளம்தான் இன்னும் வரவில்லை.